கணினிக்குள் ஒரு குச்சொழுங்கை

க.பொ.த. உயர்தர வணிகப் பிரிவு மாணவி

உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தார் போட்ட பெரிய வீதி. அதால் வந்தால் இரண்டு வளைவு திரும்பி, சுற்றிக்கொண்டு வரவேண்டும். மற்றது, கிடுகு வேலிகளுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் ஒன்றாக நடக்கக்கூடிய குச்சொழுங்கை. அதால் வந்தால் பாதி நேரம். ஊருக்குப் புதியவர்கள் பெரிய வீதியால்தான் வருவார்கள். தபாற்காரரும், பால் கொண்டுவரும் ஆச்சியும், பள்ளிப் பிள்ளைகளும் ஒழுங்கையால் வருவார்கள். ஒவ்வொரு நாளும் நடப்பவர்களின் கால் பட்டுப்பட்டு உண்டான வழி அது.

கணினி மென்பொருளிலும் இப்படிக் குச்சொழுங்கைகள் உண்டு. அவற்றை நாமே அமைத்துக்கொள்ளலாம். கடந்த விடுமுறையில் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தபோது எங்கள் கடைக்காக நான் அதைச் செய்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணக்கீடும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலும் படிக்கும் சகோதரிகளுக்கு இது பயன்படும். கடை, தையலகம், பண்ணை என்று ஏதாவது தொழில் நடத்தும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

பெரிய மென்பொருளும் சின்னக் கடையும்

எங்கள் வாப்பாவின் கடை சீமெந்து, கம்பி, ஆணி, பெயின்ற், தண்ணீர்க் குழாய் விற்கும் கடை. முன்பு எல்லாக் கணக்கும் கொப்பியில்தான் இருந்தது. பிறகு உறவுக்கார நானா ஒருவர் கணினியில் வணிக மென்பொருள் ஒன்றைப் போட்டுத் தந்தார். விற்பனை, கொள்வனவு, இருப்பு, கடன்பட்டோர் கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் வகை அது. எங்கள் பாடத்திட்டத்தில் ‘நிறுவன வளத் திட்டமிடல் முறைமை’ என்று படிக்கிறோமே, அதன் சிறிய வடிவம்.

இத்தகைய மென்பொருளின் பலம் என்னவென்றால், ஒரு முறை பதிந்தால் போதும். ஐந்து மூடை சீமெந்து கடனுக்கு விற்றோம் என்று பதிந்தவுடன் இருப்பில் ஐந்து மூடை குறையும், விற்பனைக் கணக்கு கூடும், அந்த வாடிக்கையாளரின் கடனும் கூடும். கொப்பியில் மூன்று இடத்தில் எழுதவேண்டியதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறோம்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு முறை பிழையாகப் பதிந்தால் எல்லா இடத்திலும் பிழைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மென்பொருட்கள் ஒரு கடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தொழிற்சாலை, வைத்தியசாலை, ஏற்றுமதி நிறுவனம் என எல்லோருக்கும் பொதுவாகச் செய்யப்படுகின்றன. அதனால் அவற்றின் பட்டி, அதாவது நாம் மெனு என்று சொல்லும் தெரிவு வரிசை, மிக நீளமானது. எங்கள் கடை மென்பொருளின் பட்டியை ஒரு நாள் இருந்து எண்ணினேன். 130க்கும் மேற்பட்ட வரிகள்! உற்பத்தித் திட்டம், வாகனப் பராமரிப்பு, ஆட்சேர்ப்பு என்று எங்கள் கடைக்குச் சம்பந்தமே இல்லாதவையும் அதில் இருந்தன. எல்லாமே ஆங்கிலத்தில்.

நடந்த பிழை

இனி, நான் இதில் இறங்கக் காரணமான சம்பவத்தைச் சொல்கிறேன். பிழை மென்பொருளுடையது அல்ல. எங்களுடையது.

எங்கள் கடையில் வேலை செய்யும் அண்ணா மிகவும் நேர்மையானவர். சாமான்களின் விலை எல்லாம் மனப்பாடம். ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுவார். அதனால் பட்டியில் உள்ள சொற்களை அவர் வாசிப்பதில்லை. இடத்தைத்தான் நினைவில் வைத்திருந்தார். கடன்காரர் காசு கொண்டுவந்தால் ‘மூன்றாவது பட்டி, நான்காவது வரி’. அவ்வளவுதான். பல மாதங்கள் அது சரியாகவே நடந்தது.

பிறகு ஒரு நாள், சாமானைத் திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்குக் காசு திருப்பிக் கொடுப்பதைப் பதிவதற்காக, மென்பொருளில் இருந்த ஒரு புதிய வசதியை நாங்கள் இயக்கினோம். அதற்கான வரி பட்டியில் நான்காவதாக வந்து புகுந்தது. கடன் காசு வாங்கும் வரி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. இரண்டு வரிகளும் ‘கஸ்டமர்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில்தான் தொடங்கின. அண்ணாவிடம் இதைச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

அடுத்த நாள் ஒரு அம்மா வந்தார். வெங்காயத் தோட்டம் செய்பவர். வீட்டுக் கூரை திருத்துவதற்கு எங்களிடம் வாங்கிய சாமானுக்கு 30,000 ரூபா கடன். அதில் 12,000 ரூபாவைக் கொடுத்தார். அண்ணா காசை எண்ணி லாச்சிக்குள் போட்டு, ஒரு சிறிய துண்டில் தொகையை எழ்திக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, கணினியில் வழமைபோல நான்காவது வரியை அழுத்திப் பதிந்தார்.

அவருடைய கடன் 18,000 ஆகக் குறைந்திருக்கவேண்டும். நாங்கள் அவருக்கு 12,000 திருப்பிக் கொடுத்ததாகக் கணினி எடுத்துக்கொண்டது. கடன் 42,000 ஆகக் கூடிவிட்டது.

அன்று இரவு வாப்பா காசு எண்ணும்போது, கணினி சொல்லும் தொகையைவிட லாச்சியில் 24,000 ரூபா கூடுதலாக இருந்தது. இரண்டு மூன்று பேர் கட்டிய காசு பதியப்படாமல் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். “எங்கட காசில்ல. யாருடையதோ, வருவினம்” என்று சொல்லி அதை ஒரு கடித உறையில் போட்டுத் தனியாக வைத்தார்.

பத்து நாட்கள் கழித்து அந்த அம்மா ஒரு மூடை சீமெந்து வாங்க வந்தார். கடையில் வேறு நாலைந்து பேர் நின்றார்கள். வாப்பா கணினியைப் பார்த்து, “அக்கா, பழைய கணக்கு நாற்பத்திரண்டு நிக்குது” என்றார்.

அவருடைய முகம் மாறிவிட்டது. “தம்பி, நான் போன கிழமைக்கு முதல் கிழமை பன்னிரண்டாயிரம் தந்தனான் எல்லே?” என்று மெதுவாகக் கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அந்தத் துண்டை எடுத்து நீட்டினார். கை நடுங்கியது. நான் அப்போது கடைக்குள் நின்றேன். அந்தக் கையை இன்னும் மறக்கவில்லை.

வாப்பா துண்டை வாசித்துவிட்டு, அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, “அது எங்கட பிழை அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். அன்றிரவு வாப்பா நன்றாகச் சாப்பிடவில்லை.

இரண்டால் வகுத்தல்

அந்த 24,000 எப்படி வந்தது என்பதைக் கணக்கீடு படிக்கும் சகோதரிகள் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

சரியான பதிவு: காசுக் கணக்கு வரவு 12,000, கடன்பட்டோர் கணக்கு செலவு 12,000. நடந்த பதிவு: கடன்பட்டோர் கணக்கு வரவு 12,000, காசுக் கணக்கு செலவு 12,000. அதாவது இரண்டு பக்கமும் இடம் மாறிவிட்டன. கைக்கு உண்மையில் 12,000 வந்திருக்கிறது. ஏட்டிலோ 12,000 வெளியே போயிருக்கிறது. ஆகவே ஏட்டுக்கும் கைக்கும் இடையிலான வித்தியாசம் 12,000 அல்ல, அதன் இரு மடங்கு.

வித்தியாசம் வந்தால் அதை இரண்டால் வகுத்து, அந்தத் தொகையில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது கணக்காளர்களின் பழைய வழக்கம். நாங்கள் உறையில் இருந்த 24,000ஐ இரண்டால் வகுத்து, அன்றைய பதிவுகளில் 12,000ஐத் தேடியிருந்தால், அந்த அம்மா வருவதற்கு முன்பே பிழையைப் பிடித்திருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமமாக இருப்பதால் பரீட்சை மீதி இந்த வழுவைக் காட்டாது. கணினி எந்த எச்சரிக்கையும் தராது. அதன் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது.

திருத்தும்போது நாங்கள் பிழையான பதிவை அழிக்கவில்லை. அதை இரத்துச் செய்துவிட்டு, சரியான பதிவைப் புதிதாகப் போட்டோம். அழித்தால் தடயம் போய்விடும். இரத்துச் செய்தால், பிழை நடந்ததும் அது திருத்தப்பட்டதும் இரண்டுமே ஏட்டில் இருக்கும்.

கடனை எழுதி வைப்பதில் வாப்பாவுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்பதையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மூத்த வாப்பா தன் கடையின் கடன் கொப்பியை எடுத்துவர முடியவில்லை. யார் எவ்வளவு தரவேண்டும், தான் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது கடைசிவரை அவர் மனதில் ஒரு பாரமாக இருந்தது என்று உம்மா சொல்வார். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்பதை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். அது சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். எழுதினால் மட்டும் போதாது, சரியாக எழுதவும் வேண்டும் என்பதை இந்தச் சம்பவம் எங்கள் வீட்டுக்குக் காட்டியது.

குறுக்குவழிகள் மூன்று வகை

அண்ணாவை யாரும் ஏசவில்லை. “தங்கச்சி, எனக்கு அந்த மெனுவைப் பார்த்தாலே பயமாக் கிடக்கு” என்று மட்டும் அவர் என்னிடம் சொன்னார். அப்போதுதான், அந்தப் பட்டியையே மாற்றினால் என்ன என்று யோசித்தேன். தேடிப் படித்தபோது, பெரும்பாலான வணிக மென்பொருட்களில் இதற்கு வழி இருப்பது தெரிந்தது. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, விசைக் குறுக்குவழி. பட்டிக்குள் போகாமல் ஒரு விசையை அழுத்தி நேரே போவது. பெங்களூரில் 1986இல் தொடங்கிய டாலி நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் இதற்குப் பேர்போனது. டாலி பிரைமில் பதிவுகள் எழுதும் இடத்தில் எஃப்5 கொடுப்பனவு, எஃப்6 பெறுகை, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்வனவு. ஓல்ட் விசையோடு ஜீயை அழுத்தினால் ஒரு தேடற்பெட்டி வரும். அதில் வேண்டியதன் பெயரைத் தட்டினால் போதும். பழகியவர்களின் கை அதில் ஓடுவதைப் பார்க்கவேண்டும். ஆனால் பழகும்வரை எந்த விசை எது என்பதை மனதில் வைத்திருக்கவேண்டும்.

இரண்டாவது, விருப்பப் பட்டியல். நமக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்து ஒரு தனி அடைவில் சேர்த்து வைப்பது. ஜேர்மனியில் 1972இல் ஐந்து பொறியியலாளர்கள் தொடங்கிய எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் உலகின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு உண்டு. வி.ஏ.01 என்று தட்டினால் விற்பனைக் கட்டளை எழுதும் பக்கம் வரும். எம்.ஈ.21.என் என்றால் கொள்வனவுக் கட்டளை. அடிக்கடி வேண்டிய குறியீடுகளை ஒவ்வொருவரும் தன் விருப்பப் பட்டியலில் போட்டு, தனக்கு விளங்கும் பெயரை வைத்துக்கொள்ளலாம். நிறுவனம் தனக்கென்று புதிய குறியீடு உருவாக்கினால் அது இசட் அல்லது வை என்ற எழுத்தில் தொடங்கவேண்டும் என்பது விதி. அப்போதுதான் அந்தக் குறியீடு எஸ்.ஏ.பி. தரும் குறியீடுகளோடு மோதாது. புதிய பதிப்பு வரும்போதும் குழப்பம் இராது. எங்கள் கடையில் நான்காவது வரிக்கு நடந்தது இந்தக் குழப்பம்தான்.

மூன்றாவது, சொந்த முகப்புப் பக்கம். மென்பொருளைத் திறந்தவுடன் பட்டி வராமல், நாம் அமைத்த பொத்தான்கள் மட்டும் இருக்கும் பக்கம் வருவது. மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மென்பொருளில் இது நன்றாக இருக்கிறது. அது திறந்த மூல மென்பொருள். அதில் ‘வேர்க்ஸ்பேஸ்’ எனப்படும் பணிப்பக்கத்தைத் திருத்தும் நிலையில் திறந்து, குறுக்குவழிக் கட்டம் ஒன்றைச் சேர்த்து, அது எங்கே போகவேண்டும், அதன் பெயர் என்ன என்று கொடுக்கலாம். வடிகட்டி ஒன்றையும் சேர்க்கலாம். ‘இன்னும் கட்டப்படாத பற்றுச்சீட்டுகள் மட்டும்’ என்று வடிகட்டினால், அவை எத்தனை என்ற எண்ணிக்கை பொத்தானிலேயே தெரியும். தனக்கு மட்டுமான பக்கமும் உண்டு, எல்லோருக்கும் பொதுவான பக்கமும் உண்டு.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஓர் உதாரணமும் இருக்கிறது. ஐ.எஃப்.எஸ். என்ற சுவீடன் நிறுவனம் 1983இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய இளைஞர்கள், முதலாவது வாடிக்கையாளரின் தொழிற்களத்துக்கு அருகே கூடாரம் அடித்துத் தங்கியே வேலை செய்தார்களாம். இன்று உலகெங்கும் போகும் அவர்களின் மென்பொருளின் கணிசமான பகுதியை இலங்கையின் பொறியியலாளர்களே உருவாக்குகிறார்கள். அந்தக் கூடாரக் கதைதான் எனக்கு வழி காட்டியது. பட்டியைத் திருத்த முதல், அதைப் பாவிப்பவரின் பக்கத்தில் போய் இருக்கவேண்டும்.

நான் செய்த விதம்

முதல் ஆறு நாட்கள் கணினியைத் தொடவே இல்லை. அண்ணாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கொப்பியோடு இருந்தேன். அவர் எந்த வரியைத் திறக்கிறாரோ அதற்கு நேரே ஒரு கோடு. பிழையாகத் திறந்து மூடினால் ஒரு புள்ளி. ஆறாம் நாள் கூட்டிப் பார்த்தேன். 130 வரிகளில் பாவித்தவை வெறும் 11. அந்தப் பதினொன்றிலும் கடன் விற்பனை, காசு விற்பனை, கடன் காசு வாங்குதல், இருப்புப் பார்த்தல் ஆகிய நாலுக்குத்தான் பெரும்பாலான கோடுகள். புள்ளிகள் அதிகம் விழுந்தது, நான் எதிர்பார்த்ததுபோலவே, காசு வாங்கும் வரியில்.

பிரித்தானிய உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952இல் வெளியிட்ட ஆய்வொன்று, தெரிவுகள் கூடக்கூட ஒருவர் முடிவெடுக்க எடுக்கும் நேரமும் கூடுகிறது என்று காட்டியது. அண்ணா 130 வரிகளுக்கு முன்னால் தினமும் நின்றார். அவர் மெதுவானவர் அல்லர். அவருக்கு முன்னால் இருந்த தெரிவுகள்தான் அதிகம்.

இரண்டாவது வேலை, பெயர் வைப்பது. முதலில் நான் பாடப்புத்தகச் சொற்களைப் போட்டேன். ‘கடன்பட்டோர் பெறுகைகள்’ என்று எழுதியதைப் பார்த்து அண்ணா சிரித்தார். “இது இங்கிலீஷைவிடக் கஷ்டம் தங்கச்சி” என்றார். பிறகு அவரிடமே கேட்டேன். அவர் சொன்னபடியே ‘கடன் காசு வந்தது’, ‘கடனுக்குக் குடுத்தது’, ‘சாமான் வந்து இறங்கினது’, ‘இருப்புப் பார்’ என்று வைத்தேன். கடையில் வாயால் எதைச் சொல்கிறார்களோ, பொத்தானிலும் அதுவே இருக்கவேண்டும்.

மூன்றாவது, இடம். அடிக்கடி வேண்டியவற்றை மேல் வரிசையில் பெரிதாக வைத்தேன். காசு உள்ளே வரும் பொத்தானையும் வெளியே போகும் பொத்தானையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை. ‘கடன் காசு வந்தது’ இடது மேல் மூலையில் பச்சை நிறம். ‘காசு திருப்பிக் குடுத்தது’ வலது கீழ் மூலையில் சிவப்பு நிறம். கை தவறினாலும் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகாது.

எதை எங்கே வைப்பது என்ற யோசனை நம்மவர்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, பின் சிங்கப்பூருக்குச் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளை ஒரு சிறிய விசைப்பலகைக்குள் அடக்கவேண்டியிருந்தது. எழுத்துகளைப் பகுதிகளாகப் பிரித்தும், அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அமைத்தும் அவர் அதைச் சாதித்தார். தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைத் தழுவிய பாமினி முறையில் தட்டச்சுச் செய்பவர்கள் நடு வரிசையைப் பாருங்கள். ய, ள, ன, க, ப, கால், த, ம, ட, புள்ளி ஆகியவை விரல்களுக்கு அடியிலேயே இருக்கும். நாம் அடிக்கடி எழுதும் எழுத்துகள் இவை. ‘ஔ’வைத் தேடி விரல் தூரம் போனால் பரவாயில்லை. ‘க’வைத் தேடிப் போனால் வேலை நடக்காது.

நான்காவது, பொத்தானுக்குள் பாதி வேலையைச் செய்து வைப்பது. ‘கடன் காசு வந்தது’ என்பதை அழுத்தினால் வரும் படிவத்தில் ‘பெறுகை’ என்பது முன்கூட்டியே தெரிவாகியிருக்கும். திகதி, காசுக் கணக்கு இரண்டும் நிரம்பியிருக்கும். அண்ணா பெயரையும் தொகையையும் மட்டும் போட்டால் போதும். தெரிவு செய்யவேண்டிய இடங்கள் குறைந்தால் பிழைக்கும் இடங்களும் குறையும்.

ஐந்தாவது, ஆளுக்கொரு பக்கம். அண்ணாவின் பக்கத்தில் ஆறு பொத்தான்கள். வாப்பாவின் பக்கத்தில் வேறு ஐந்து. அதில் ஒன்று, முப்பது நாளுக்கு மேல் நிற்கும் கடன்கள். இன்னொன்று, பத்துக்குக் கீழே இறங்கிய சாமான்கள்.

இதையெல்லாம் முதலில் கடதாசியில் கீறி, அண்ணாவின் முன்னால் வைத்து, “ஒருத்தர் வந்து கடன் காசு தாறார், எதை அழுத்துவீங்கள்?” என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறை இடம் மாற்றினேன். அதன் பிறகுதான் கணினியில் ஏற்றினேன். மாற்றுவதற்குச் சனிக்கிழமையையோ மாத முடிவையோ தெரிவு செய்யவில்லை. சனம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை. பழைய பட்டியையும் ஒரு கிழமை அப்படியே விட்டு வைத்தோம்.

மறைத்தல் வேறு, பூட்டுதல் வேறு

இதைச் செய்ய விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் முதலில் தவறாக விளங்கிக்கொண்ட விடயமும் இதுதான். ஒரு வரியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் அது பூட்டப்பட்டதாக அர்த்தமில்லை. பிரதான வீதி இன்னும் திறந்தே இருக்கிறது. தேடற்பெட்டியில் பெயரைத் தட்டினால் அந்தப் பக்கம் வந்துவிடும்.

யார் எதைச் செய்யலாம், யார் எதை இரத்துச் செய்யலாம் என்பதை ‘அனுமதிகள்’ என்ற வேறு இடத்தில் அமைக்கவேண்டும். அதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். எங்கள் கடையில் எல்லோரும் வாப்பாவின் பெயரிலேயே நுழைந்துகொண்டிருந்தார்கள். இப்போது காசு திருப்பிக் கொடுக்கும் பதிவை வாப்பா மட்டும்தான் உறுதிப்படுத்தலாம். இது அண்ணா மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. நாளைக்கு ஏதாவது பிழைத்தால் சந்தேகம் அவர் மேல் விழாமல் இருக்கவும் இது உதவும்.

மென்பொருளைப் புதுப்பித்தாலோ புதிய வசதி சேர்த்தாலோ, அன்றே எல்லாப் பொத்தான்களையும் ஒரு முறை அழுத்திப் பார்க்கவேண்டும். பொத்தான்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். மின்சாரம் போனால் எழுத ஒரு கொப்பியும் இருக்கிறது. அது எப்போதும் இருக்கவேண்டும் என்பது வாப்பாவின் கட்டளை.

உம்மாவின் பொத்தான்

நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. உம்மா இதுவரை அந்தக் கணினிப் பக்கமே வந்ததில்லை. “அது எனக்கு விளங்காது” என்பார். அவர் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. மனதாலேயே கூட்டிக் கழித்துவிடுவார். அவரைத் தடுத்தது கணக்கல்ல. 130 ஆங்கில வரிகள்தான். தமிழ்ப் பொத்தான்களைப் பார்த்ததும் ஒரு நாள் மத்தியானம் தானாகவே வந்து, ‘இருப்புப் பார்’ என்பதை அழுத்தினார். “அரை அங்குல ஆணி ஏன் இவ்வளவு கிடக்குது?” என்று வாப்பாவைக் கேட்டார். வாப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது வாப்பா தொழுகைக்குப் போகும் நேரத்தில் கடையின் கணக்கை உம்மாதான் பார்க்கிறார். இரவில் லாச்சிக் காசையும் கணினித் தொகையையும் ஒப்பிடுவதும் அவர்தான். வித்தியாசம் வந்தால் முதல் வேலையாக அதை இரண்டால் வகுத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடையிலோ தொழிலிலோ உள்ள மென்பொருளை உங்கள் மகளிடம் காட்டுங்கள். நாங்கள் புத்தகத்தில் படிப்பவை அங்கே உயிரோடு இருக்கின்றன. சகோதரிகளே, விடுமுறையில் ஆறு நாட்கள் ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருந்து கோடு போட்டுப் பாருங்கள். எதையும் மாற்றவேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

அந்த அம்மா நான் விடுதிக்குத் திரும்புவதற்கு முதல் கிழமை மறுபடியும் கடைக்கு வந்தார். 6,000 ரூபா கொடுத்தார். அண்ணா பச்சைப் பொத்தானை அழுத்திப் பதிந்தார். இப்போது துண்டில் கட்டிய தொகையோடு மீதியும் அச்சாகி வருகிறது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, மீதி 12,000 என்று இருப்பதை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சில் வைத்தார். முன்பு அவர் துண்டை வாசிப்பதில்லை, அப்படியே வாங்கி முடிந்துகொள்வார். இனி எங்கள் கடையில் எப்போதும் வாசித்துத்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். அது அவருடைய உரிமை. வாப்பாவும் அவர் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.